அண்ணன் தம்பிக்கு ஓர் ஊருணிக்கரை

எங்கள் கடற்கரையில் இறந்துபோனவர்களின் பெயரைத் தேடுகிறவர்கள் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். கல்வெட்டு இருக்காது, சிலை இருக்காது. ஆனால் வழி சொல்லும்போது எங்கள் அப்பத்தா "அம்பலகாரர் கெணத்துக்கு மேற்கே திரும்பு" என்பாள். அந்த அம்பலகாரர் எந்தக் காலத்து ஆள், யார் வீட்டு முன்னோர், எதுவும் அவளுக்குத் தெரியாது. உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும் இடத்தைக் கண்டுபிடித்து வெட்டிவிட்டுப் போனார் என்பது மட்டும் தெரியும். கடலுக்குப் போன மகன் திரும்பாத துக்கத்தில் ஒரு தாய் வெட்டிய கேணியும் எங்கள் பக்கம் உண்டு. அவள் பெயர் போய்விட்டது. ஆனால் அந்தக் கேணியில் குடம் வைக்கும் எந்தப் பெண்ணுக்கும் அவள் கதை தெரியும்.

நான் பிறந்தது தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில். இப்போது இதே மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் தம்பி ஜெர்மனியில் பிராங்க்பர்ட் பக்கம் இருக்கிறான். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோடு போட்ட நோட்டில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். நான் கதை எழுதுவேன், அவன் படம் போடுவான். விலை ஒரு கமர்கட். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, "அக்கா, உனக்குப் பிடிச்ச ஊர் ஒண்ணு இருக்கு, வா" என்று ரயிலில் கூட்டிப்போனான். ஒரு மணி நேரம் போல ஓடியது. ஊர் பெயர் ஸ்டைனாவ். முழுப் பெயர் 'சாலையோர ஸ்டைனாவ்'. பிராங்க்பர்ட்டிலிருந்து லைப்சிக் வரைக்கும் போன பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. நம் சேதுப் பாதையில் சத்திரங்களை ஒட்டி ஊர்கள் வளர்ந்தது எனக்கு நினைவு வந்தது.

தேவதைக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்கள் வளர்ந்த ஊர் அது. அண்ணன் யாக்கோப் 1785-லும் தம்பி வில்ஹெல்ம் 1786-லும் ஹனாவ் நகரத்தில் பிறந்தவர்கள். ஹனாவ் சந்தைத் திடலில் அவர்களுக்கு 1896-இல் வைத்த பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. தம்பி புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்க, அண்ணன் பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கிறார். கம்பீரமான சிலை, மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஸ்டைனாவ்தான். 1791-இல் அப்பாவுக்கு அங்கே வட்டார அதிகாரி வேலை. குடும்பம் அங்கே குடியேறியது. 1796-இல் அப்பா நிமோனியாவில் இறந்துபோனார். பதினொரு வயது யாக்கோப் அந்த வீட்டின் மூத்த ஆண்பிள்ளை ஆனான். இரண்டு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் படிக்க காசலுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வளவுதான் ஸ்டைனாவ் வாசம். ஆனால் அந்த ஊர் அவர்களை விடவே இல்லை. அவர்கள் இருந்த பழைய கல்வீடு இன்று அருங்காட்சியகம். நகர மன்றத்தின் முன்னால் உள்ள திடலில் ஒரு நீரூற்று. யாக்கோப் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1985-இல் கட்டியது. அதைத் தேவதைக் கதை ஊற்று என்றே அழைக்கிறார்கள்.

அண்ணன் தம்பிக்கு ஊர் வைத்த நினைவுச் சின்னம், அவர்கள் கதைகளின் பெயரில் ஓடும் தண்ணீராக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கையை நனைத்துக்கொண்டு ஓடினார்கள். "இதைக் குடிக்கலாமாடா?" என்று தம்பியிடம் கேட்டேன். "பாட்டில்ல தண்ணி இருக்கு, அதைக் குடிக்கா" என்றான். ராமநாதபுரத்துப் பெண்ணுக்கு எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கேள்விதான் வரும்.

கிரிம் கதைகளில் தண்ணீர் எவ்வளவு என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். 1812-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுதியின் முதல் கதையிலேயே அரசகுமாரியின் தங்கப் பந்து கிணற்றில் விழுகிறது, தவளை எடுத்துக் கொடுக்கிறது. இன்னொரு கதையில் தக்களி கிணற்றில் விழுந்ததென்று அதை எடுக்கக் குதிக்கும் பெண், கீழே வேறோர் உலகத்தில் கண் விழிக்கிறாள். நோயில் கிடக்கும் அரசனுக்கு உயிர்த் தண்ணீர் தேடிப் போகும் மூன்று மகன்கள் இன்னொரு கதையில். எனக்கு மிகவும் நெருக்கமானது அக்காவும் தம்பியும் காட்டுக்குள் ஓடிப்போகும் கதை. சூனியக்காரச் சிற்றன்னை எல்லா ஓடைகளையும் மந்திரித்து வைத்திருக்கிறாள். தம்பிக்குத் தாகம். முதல் ஓடையில் குடித்தால் புலியாவாய், இரண்டாவதில் குடித்தால் ஓநாயாவாய் என்று தடுத்துவிடுகிறாள் அக்கா. மூன்றாவதில் அவனால் முடியவில்லை. குடித்து மான்குட்டியாகிவிடுகிறான். எங்கள் ஊர் அடிபம்பில் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும் தம்பியை, "வீட்டுக்குப் போற வரைக்கும் பொறுடா" என்று இழுத்து வந்தவள் நான். அந்தக் கதையை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர்கள் கதைகளைக் கற்பனையாக எழுதியவர்கள் அல்ல என்பதும் முக்கியம். கேட்டு எழுதியவர்கள். காசல் பக்கத்துக் கிராமத்தில் டோரொதேயா பீமன் என்று ஓர் அம்மாள். சத்திரக்காரர் மகள். சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்து விற்பவர். வழிப்போக்கர்கள் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய கதைகள் 1815-இல் வந்த இரண்டாம் தொகுதியில் நிறைய. இன்னொரு தம்பி லுட்விக் எமில் ஓவியர். அந்தம்மாளின் முகத்தை வரைந்து வைத்தவர் அவர்தான். தம்பி படம் போட, அண்ணன்மார் எழுத, நடுவில் காய்கறி விற்கும் ஓர் அம்மாள். எங்கள் நோட்டுப் பத்திரிகை நினைவு வராமல் இருக்குமா?

கடைசி வரைக்கும் பிரியாத சகோதரர்கள். வில்ஹெல்ம் 1825-இல் கல்யாணம் பண்ணிக்கொண்டார், யாக்கோப் பண்ணிக்கொள்ளவில்லை, அதே வீட்டில் கூடவே இருந்தார். 1838-இல் ஜெர்மன் மொழிக்கு ஒரு பேரகராதி தொடங்கினார்கள். 'D' எழுத்தை முடித்துவிட்டு 1859-இல் வில்ஹெல்ம் போனார். 'F'-இல் பழம் என்ற சொல் வரைக்கும் வந்து 1863-இல் யாக்கோப் போனார். பிறகு தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து 1961-இல் முடித்தார்கள். பெர்லினில் இருவர் கல்லறையும் பக்கத்துப் பக்கத்தில்.

சரி, இதையெல்லாம் இங்கே எதற்குச் சொல்கிறேன்? நம் ராமநாதபுரத்திலும் அப்படி ஓர் அண்ணன் தம்பி இருந்தார்கள். அதைச் சொல்லத்தான்.

அண்ணன் பொன்னுசாமித் தேவர். தம்பி முத்துராமலிங்க சேதுபதி. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் தம்பியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். கணவர் அனுமதி எழுதி வைக்காத விதவை சுவீகாரம் எடுக்கலாமா என்று வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1868-இல் செல்லும் என்று தீர்ப்பானது. சட்டம் படித்தவர்கள் 'ராம்நாட் கேஸ்' என்றால் உடனே தலையாட்டுவார்கள். தம்பி சேதுபதி, அதாவது ராமநாதபுரத்து அரசர்; அண்ணன் சமஸ்தான நிர்வாகம். இருவருமே பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள், புலவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டு ரசித்தவர்கள். தம்பி எழுதியவற்றில் நீதிபோத வெண்பா, வள்ளி மணமாலை என்ற பெயர்கள் நூலகத்துக்கு வரும் பெரியவர்கள் வாயில் அவ்வப்போது விழும்.

அண்ணன் செய்த காரியத்துக்குத்தான் நான் கைகூப்புகிறேன். காளமேகமும் ஔவையும் இரட்டைப் புலவர்களும் இன்னும் பலரும் அங்கங்கே பாடிவிட்டுப் போன ஒற்றைப் பாட்டுகள், வாய்வழியாகவும் ஏட்டின் ஓரத்திலும் சிதறிக் கிடந்தன. காவியமாக இருந்தால் யாராவது பாதுகாப்பார்கள். சோறு கிடைக்காத கோபத்தில் பாடிய நாலு வரியை யார் பாதுகாப்பார்கள்? அவற்றையெல்லாம் திரட்டச் சொன்னவர் பொன்னுசாமித் தேவர். திரட்டியவர் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராயர். அதுதான் 'தனிப்பாடல் திரட்டு'. காளமேகத்தின் சிலேடை ஒன்றாவது மனப்பாடமாகத் தெரியாத தமிழர் குறைவு. அது நம் வாய்க்கு வந்ததில் முகவை அரண்மனைக்குப் பங்கு இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? காய்கறி விற்ற அம்மாளிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுதினார்களே, அதே அக்கறைதான் இதுவும். சிதறிப் போகிற பண்டத்தை மடியேந்திப் பிடிக்கிற அக்கறை.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சுக்கூடம் வைத்துப் பழைய நூல்களைப் பிழையில்லாமல் கொண்டுவரப் பாடுபட்டபோது துணை நின்றவரும் இவர்தான். திருக்கோவையார் உரை அப்படி வந்தது. திருக்குறள் பரிமேலழகர் உரை 1861-இல் அப்படி வந்தது.

தம்பி 1873-இல் இறந்தார். அதற்கு முன்பே அண்ணன் போய்விட்டார். ஆனால் இந்தக் குடும்பத்தில் கதை இதோடு நிற்கவில்லை. அண்ணன் மகன் பாண்டித்துரைத் தேவர், 1867-இல் பிறந்தவர். தம்பி மகன் பாஸ்கர சேதுபதி, 1868-இல் பிறந்தவர். இருவருமே தகப்பனைச் சின்ன வயதில் இழந்தவர்கள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று நம் வழக்கப்படி இவர்களும் அண்ணன் தம்பிதானே? தம்பி 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போக உதவினார். 1897 ஜனவரியில் அவர் திரும்பி வந்து பாம்பனில் கால் வைத்தபோது எதிர்கொண்டு வரவேற்றார். அண்ணன் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கினார். உ.வே.சாமிநாதையருக்கு மணிமேகலை பதிப்புக்குக் கைகொடுத்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாக வருஷக்கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு, அச்சிட ஆள் தேடி அலைந்த 'அபிதான சிந்தாமணி' கடைசியில் வந்து சேர்ந்தது பாண்டித்துரைத் தேவரிடம்தான். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக வந்தது. எங்கள் நூலகத்தில் அதன் மறுபதிப்பு ஒன்று இருக்கிறது. முதுகு கிழிந்து நானே பசை போட்டு ஒட்டியது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் புரட்டும்போதெல்லாம், "இது நம்ம ஊர்க்காரர் போட வச்ச புத்தகம் தெரியுமா?" என்று சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

மகன்களுக்குச் சங்கமும் தெருப்பெயரும் விழா மேடையும் ஓரளவு உண்டு. மூத்த தலைமுறை அண்ணனையும் தம்பியையும் சேர்த்து ஒரே இடத்தில் நினைக்கும்படி ஒரு சின்னத்தை நான் ராமநாதபுரத்தில் பார்த்ததில்லை. அரண்மனைக்குப் போகிறவர்கள் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நினைவுச் சின்னம் வர வேண்டும் என்று சொன்னாலே எல்லாருக்கும் முதலில் சிலைதான் தோன்றுகிறது. இலக்கிய நண்பர்கள் சிலரிடம் பேசியபோது ஒருவர் வெண்கலச் சிலை என்றார். இன்னொருவர் கலர் விளக்குப் போட்ட செயற்கை நீரூற்று என்றார், ரவுண்டானாவில். அந்த இரண்டாவது யோசனையைக் கேட்டு எனக்கு மனசு தாங்கவில்லை. அந்த மாதிரி நீரூற்றுகளை நாம் பார்க்காததா? திறப்பு விழா அன்றைக்கு மேலே எழும்பும். மோட்டார் கெட்டால் சரிபண்ண ஆள் வராது. கொஞ்ச நாளில் தொட்டியில் பாலிதீன் பையும் பாசியும் கிடக்கும். அதைவிட முக்கியம், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நிற்கிற ஊரில், தண்ணீரைக் காற்றில் எறிந்து வேடிக்கை காட்டுவது தப்பு. ஸ்டைனாவுக்கு அது பொருந்துகிறது, அங்கே பச்சையும் ஆறும் மழையும் இருக்கிறது. நமக்குப் பொருந்தாது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு தள்ளுவண்டி இருக்கும். குடங்கள் ஆடாமல் உட்கார இரும்புக் கம்பியில் வளையம் வளையமாக வைத்துச் செய்த வண்டி. சைக்கிள் இல்லாத வீடு உண்டு, அந்த வண்டி இல்லாத வீடு இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிறைய மாறியிருக்கிறது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் குழாய் எங்காவது உடைந்தால் வண்டிகள் மறுபடி ரோட்டுக்கு வந்துவிடும். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வைத்ததே இந்தத் தட்டுப்பாட்டுக்காகத்தான்.

கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டுவது இன்னொரு கலை. மழைத் தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்கும். நல்ல தண்ணீர் இலேசு, கடல் தண்ணீர் கனம். அதனால் கீழே உப்புத் தண்ணீர் நிற்க, மேலே நல்ல தண்ணீர் ஒரு படலமாக மிதக்கும். கையால் கொஞ்சம் ஆழம் மட்டும் தோண்ட வேண்டும். ஊறியதும் சிரட்டையால் பொறுமையாக அள்ள வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இறைத்தாலோ கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் அந்த இடம் போச்சு. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோன பிறகும், அங்கேயே தங்கிவிட்ட மீனவக் குடும்பங்கள் இப்படித்தான் குடித்துப் பிழைத்தார்கள். தங்கச்சிமடத்துப் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே கிணறு இருக்கிறது. சுற்றிலும் உப்புக் கடல், வாளியை விட்டால் குடிக்கிற தண்ணீர். சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த இடம் கோயிலுக்குச் சமம் என்று இந்த மண் எப்போதோ முடிவு பண்ணிவிட்டது.

ஆகவே என் ஆசை இதுதான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு குடிதண்ணீர் ஊருணியின் கரையில் நினைவிடம் வேண்டும்.

ராமநாதபுரம் டவுனைச் சுற்றி ஊருணிகளுக்குப் பஞ்சமில்லை. முகவை ஊருணி, நீலகண்டி ஊருணி, லட்சுமிபுரம் ஊருணி என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். வைகை கடைசியாக வந்து சேரும் பெரிய கண்மாய் நிறைந்தால் இவற்றுக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. வரத்துக்கால் அடைபட்டுப்போன ஓர் ஊருணியைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வேலை கட்டடம் அல்ல, கால்வாயைத் திறப்பது. இரண்டாவது, நான்கு பக்கமும் கரை கட்டி, குடிதண்ணீர் ஊருணிக்கு உரிய பழைய ஒழுங்கைக் கொண்டுவருவது. செருப்புப் போட்டு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, மாட்டை விடக் கூடாது என்று ஊரே காவல் காத்த ஒழுங்கு அது. கலங்கிய தண்ணீரைக் கொண்டுபோய்க் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள். மண் அடியில் உட்கார்ந்து மேலே தெளிந்து நிற்கும். அப்பத்தா வீட்டுத் தண்ணீரின் லேசான துவர்ப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. இப்போது கரையிலேயே மணல் வடிகட்டித் தொட்டி ஒன்று வைக்கலாம். மின்சாரமே வேண்டாம், கைப்பம்பு போதும். தண்ணீரை அடிக்கடி பரிசோதித்து முடிவைப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

அதற்குப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி. மூன்று உயரத்தில் குழாய் வேண்டும். பெரியவர்களுக்கு ஒன்று, ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டும்படி ஒன்று. வழியும் தண்ணீர் வீணாகாமல் கீழே ஆடு, நாய், குருவி குடிக்க ஒரு தாழ்ந்த தொட்டிக்குப் போக வேண்டும். அதிலும் மிஞ்சினால் வேம்புக்கு. உட்காரத் திண்ணை வேண்டும். பொன்னுசாமித் தேவருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் சிலை வேண்டாம். கருங்கல் பலகையில் இருவர் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில். ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் வைக்கக் கூடாது. அரசர் என்பதற்காகத் தம்பியை முதலில் போடுவதா, மூத்தவர் என்பதற்காக அண்ணனைப் போடுவதா என்று யாராவது கேட்டால், அண்ணன்தான் முதலில். வீட்டு வழக்கம் அதுதான்.

பலகையில் என்ன பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம்
பேரறி வாளன் திரு."

ஒப்புரவறிதல் அதிகாரம், 215-ஆம் குறள். ஊருக்கு உதவ நினைக்கிற அறிவாளியிடம் சேர்ந்த செல்வம் ஊருணி நிறைந்த மாதிரி என்கிறார் வள்ளுவர். இந்தக் குறளையும் மற்ற எல்லாக் குறளையும் பரிமேலழகர் உரையோடு நாவலர் அச்சிட்டுக் கொண்டுவரத் தன் செல்வத்தைக் கொடுத்தவர் பொன்னுசாமித் தேவர். ஊருணிகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு கொடுத்தார். அவருக்கு இதைவிடப் பொருத்தமான வரியை நான் எங்கே போய்த் தேடுவேன்? தம்பிக்கு அவருடைய வெண்பாவிலிருந்தே ஒன்று. மற்ற மூன்று பக்கத்துக்கும் தனிப்பாடல் திரட்டிலிருந்து பாட்டுகள். வருஷத்துக்கு ஒருமுறை பலகையை மாற்றலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு அது நிறையும் வரை நிற்கும் பெண் ஒரு சிலேடையைப் படித்துச் சிரிக்க வேண்டும். அந்த நேரம் போதும் ஒரு தனிப்பாடலுக்கு.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஊருணி யார் பொறுப்பு என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. கோபமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஆனால் கடற்கரைக் கிராமத்தில் நல்ல தண்ணீர் தேடுகிறவர்கள் ஓரிடத்தில் உப்பு வந்தால் நாலடி தள்ளிப் போய்த் தோண்டுவார்கள். நாங்களும் தள்ளிப் போயிருக்கிறோம். ஊருணிக்கரைத் தெருக்காரர்கள் சிலரும், ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரும், ஒரு தமிழாசிரியையும், நானும் சேர்ந்திருக்கிறோம். கால்வாய் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று பொறியாளர் ஐயா நடந்து பார்த்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். என் தம்பி கல்தொட்டிக்குப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறான். நோட்டுப் பத்திரிகைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்கிற முதல் வேலை இது. அவன் வரைந்ததில் தாழ்ந்த தொட்டியின் ஓரத்தில் ஒரு மான்குட்டி குனிந்து குடிக்கிறது. அதை வைக்கலாமா என்று குழுவில் விவாதம் ஓடுகிறது. நான் வைக்க வேண்டும் என்கிற கட்சி.

என் பங்கு வேலை பாட்டுகள். சேதுபதியின் பாடல்களைப் பழைய அச்சுகளோடு ஒப்பிட்டுப் பிழையில்லாமல் எழுதி எடுக்க வேண்டும். கல்லில் வெட்டிய பிறகு சந்திப் பிழையைத் திருத்த முடியாது. ராமநாதபுரம், கீழக்கரை, திருவாடானை, தொண்டி பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது நீதிபோத வெண்பா, வள்ளி மணமாலை, தனிப்பாடல் திரட்டு ஆகியவற்றின் பழைய பதிப்பு இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அட்டை இல்லாமல், முன்பக்கம் கிழிந்து, கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. புத்தகத்தை நீங்கள் கொடுத்தனுப்ப வேண்டாம், நானே வீட்டுக்கு வந்து, உங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு புத்தகத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன்.